மகனுக்கு இடது சிறுநீரகச் சிரை அழுந்துகிறதாம்: ஸ்டென்ட் வைக்கலாமா, காத்திருக்கலாமா?

கோத்தகிரி அம்மா:
மகன் பத்தாவது படிக்கிறான். ஒரே வருஷத்தில் மளமளவென்று உயர்ந்துவிட்டான், சதைதான் பிடிக்கவில்லை. காந்தி மைதானத்தில் ஃபுட்பால் ஆடிவிட்டு வந்தால் சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போகிறது, இடது விலாவுக்குக் கீழே வலி. குளிருக்குத் தண்ணீரே குடிப்பதில்லை, கல்தான் என்று மாமியார் வாழைத்தண்டுச் சாறு கொடுத்துப் பார்த்தார். கோவைக்குப் போய் டாப்ளர், சிடி எல்லாம் எடுத்தோம். கல் இல்லை. இடது சிறுநீரகச் சிரை பெருந்தமனிக்குப் பின்னால் ஓடி முதுகெலும்போடு அழுந்துகிறது, பின்புற நட்கிராக்கர் என்றார்கள். ஒரு டாக்டர் ஸ்டென்ட் (சிரையை விரித்துப் பிடிக்கும் சிறு வலைக்குழாய்) வைக்கலாம் என்கிறார், இன்னொருவர் பொறுங்கள் என்கிறார். யாருக்காவது அனுபவம் உண்டா?

ஊட்டிக்காரி:
என் மகளுக்கும் இருந்தது அக்கா. எடை போட்டால் சரியாகும் என்றார்கள். ராகிக் களியும் முட்டையும் கொடுத்துத் தேற்றினோம், இப்போது ரத்தம் போவதில்லை.

குன்னூர் ஸ்கேன்:
உங்கள் மகளுக்கு முன்புற வகையாக இருந்திருக்கும். கீழ்ப் பெருஞ்சிரை, அதாவது உடம்பின் கீழ்ப்பாதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகும் பெரிய சிரை, வலப்பக்கம் இருப்பதால், இடது சிறுநீரகச் சிரை பெருந்தமனியைத் தாண்டித்தான் அங்கே போய்ச் சேர வேண்டும். பெரும்பாலானோருக்கு அது முன்பக்கமாக, குடலுக்குப் போகும் தமனிக்கு அடியில் ஓடும். எடை கூடினால் அந்த இடுக்கில் கொழுப்பு சேர்ந்து இடைவெளி விரியும். தம்பிக்கு ஓடுவது எலும்புப் பக்கம், அங்கே எடையை அவ்வளவாக நம்ப முடியாது. அதற்காகப் பயப்படவும் வேண்டாம். பின்னால் ஓடும் சிரை எங்கள் ஸ்கேனில் தற்செயலாகக் கண்ணில் படும், பலருக்கு ஒரு தொந்தரவும் இருக்காது.

18 வயதுக்குள் என்றால், ரத்தம் லேசாக மட்டும் போகும் பட்சத்தில் குறைந்தது 2 வருஷம் கண்காணிப்பதுதான் பொதுவான வழக்கம். ஸ்டென்ட் நகர்ந்து இதயம்வரை போன சம்பவங்கள் உண்டு, வளரும் பையனுக்கு வைக்க யோசிப்பார்கள். அடுத்த முறை இரண்டு விஷயம் கேளுங்கள். எழுந்ததும் போகும் முதல் சிறுநீரிலும் மதியச் சிறுநீரிலும் புரதத்தைத் தனித்தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். சிலருக்கு நின்று நடமாடினால்தான் புரதம் போகும். அப்புறம், இடது விதையின் சிரையும் இதே சிரையில்தான் சேர்கிறது, அங்கே வீக்கம் உண்டா என்று பார்க்க வேண்டும். பையன் கூச்சத்தில் சொல்லமாட்டான்.

கோத்தகிரி அம்மா:
விதை பற்றி யாருமே கேட்கவில்லை அண்ணா. அவன் அப்பாவை விட்டு விசாரிக்கிறேன். ஃபுட்பாலை நிறுத்த வேண்டுமா?

குன்னூர் ஸ்கேன்:
அதை டாக்டர் சொல்லட்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆடிய அன்று நிறம் எப்படி என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ரத்தம் கட்டியாக வந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ, தலைசுற்றினாலோ காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.