பிறர் பார்க்கும்போது கை நடுங்குகிறது: இது கூச்சமா, சிகிச்சை தேவைப்படும் பதற்றமா?

தஞ்சைக்காரன்:
வணக்கம். வங்கி ஒன்றில் எழுத்தராக இருக்கிறேன். தனியாக அமர்ந்து எழுதும்போது ஒன்றுமில்லை. வாடிக்கையாளர் எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, சலானில் கையெழுத்திட நேர்ந்தால் மட்டும் விரல்கள் நடுங்கத் தொடங்கிவிடுகின்றன. கல்யாண வீடுகளில் தெரிந்தவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகே பந்தியில் உட்காருகிறேன். பள்ளி நாளிலிருந்தே இப்படித்தான். 'சுபாவம், கல்யாணமானால் சரியாகிவிடும்' என்கிறார்கள் வீட்டில். மேடை ஏறுபவர்கள் ப்ரோப்ரனலால் போட்டுக்கொள்வதாக நண்பர் சொன்னார். மருந்துக்கடையில் வாங்கிச் சாப்பிடலாமா?

மனநலப் பணியாளர்:
நீங்களாக வாங்க வேண்டாம். அட்ரினலின் இதயத்திலும் கையிலும் ஏற்படுத்தும் விளைவைத்தான் அந்த மாத்திரை தடுக்கிறது; ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்து. எப்போதாவது ஒரு மேடைக்கு மருத்துவர் எழுதித் தரலாம்; தினமும் கவுண்டரில் உட்காருபவருக்கு அது தீர்வாகாது.

ஆறு மாதங்களுக்கு மேலாக நீடித்து, வேலையையும் உறவுகளையும் பாதிக்கும் இத்தகைய பயத்தைச் சமூகப் பதற்றக் கோளாறு என்கிறோம். பெரும்பாலும் பதின்வயதில் தொடங்குவதால், அது சுபாவமாகவே எண்ணப்பட்டுவிடுகிறது. 1995இல் கிளார்க், வெல்ஸ் என்ற இரு பிரிட்டிஷ் உளவியலாளர்கள் முன்வைத்த விளக்கம் உங்களுக்கு அப்படியே பொருந்துகிறது: பதற்றம் வந்ததும் கவனம் எதிரில் இருப்பவரை விட்டு நம் உடம்பின் மேல் திரும்பிவிடுகிறது, உள்ளே உணரும் நடுக்கம் அதே அளவில் வெளியேயும் தெரிவதாக நம்பிவிடுகிறோம், அதை மறைக்கச் செய்யும் தற்காப்புகளே பயத்தைச் சாகவிடாமல் காப்பாற்றுகின்றன. பேனாவை இறுக்கிப் பிடிக்கிறீர்களா? இறுக்கினால் நடுக்கம் கூடும்.

எண்ணங்களையும் நடந்துகொள்ளும் விதத்தையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சையான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் இதைச் சோதித்துப் பார்க்கச் சொல்வோம். 'கை நடுங்கினால் இவர் கேலி செய்வார்' என்று முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டு, பேனாவைத் தளர்வாகப் பிடித்து, அவர் முகத்தைப் பார்த்தபடி கையெழுத்திட்டு, உண்மையில் அவர் என்ன செய்தார் என்பதைப் பக்கத்திலேயே குறிக்க வேண்டும். பழகிய பிறகு வேண்டுமென்றே சற்று நடுங்கவிட்டும் பார்க்கலாம். பெரும்பாலான வாடிக்கையாளர்களுக்குத் தங்கள் பணத்தின் மேல்தான் கண்.

தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் கை நடுங்கும் என்பதால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஆனால் தனிமையில் நடுக்கமே இல்லை என்பது பதற்றத்தையே காட்டுகிறது.

கரையேறியவன்:
மேலே சொன்னது சரி, ஆனால் எனக்கு அந்தச் சோதனைகளைத் தொடங்கவே மருந்தின் துணை தேவைப்பட்டது. மனநல மருத்துவர் செர்ட்ராலின் என்ற பதற்றம் குறைக்கும் மாத்திரையைக் குறைந்த அளவில் ஆரம்பித்தார். முதல் சில நாட்கள் குமட்டலும் படபடப்பும் கூடியே இருந்தன. இதை முன்பே சொல்லியிருந்ததால் நிறுத்தாமல் இருந்தேன். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்; குணம் தெரிந்த பிறகும் மாதக்கணக்கில் தொடர்ந்து, மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பதற்றத்தைச் சட்டென்று தணிக்கும் அல்பிரசோலம் போன்ற மாத்திரைகளில் பழக்கம் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அவர் தவிர்த்தார். விசேஷங்களுக்குப் போகுமுன் 'கொஞ்சம்' குடித்துவிட்டுப் போகும் வழக்கமும் இதே வகைதான்.

தஞ்சைக்காரன்:
நன்றி. பேனாவை இறுக்கித்தான் பிடிக்கிறேன். மனநலப் பிரிவின் வரிசையில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் என்ற தயக்கம் இருக்கிறது.

மனநலப் பணியாளர்:
அந்தத் தயக்கமும் இந்த நோயைச் சேர்ந்ததுதான். முதலில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய கட்டணமில்லாச் சேவை, தமிழிலும் பேசலாம். பேசத் தயக்கமாக இருந்தால், கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு வாசித்தாலும் போதும். பிறகு தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் புறநோயாளியாகப் பதிந்துகொள்ளலாம். இங்கே எழுதிய கேள்வியையே அச்செடுத்து மருத்துவரிடம் நீட்டுங்கள். வேண்டிய விவரங்களில் பாதி அதிலேயே இருக்கிறது.