வாளி நண்டும் சாக்கு நண்டும்

குழு: எங்கட ஒழுங்கை

கீர்த்தனா (மாலை 5:40): ஒடிசாக் கரையிலை எடுத்த வீடியோவாம். குதிரைலாட நண்டு ஒண்டு மணலிலை மல்லாந்து கிடக்குது. பிரட்டித் தண்ணிக்குள்ளை விட்டதும் போகுது. இது காத்தைச் சுவாசிக்குமோ?

சுகந்தி மிஸ்: பேர்தான் நண்டு பிள்ளை. சிலந்தி, தேளுக்குத்தான் கிட்டின சொந்தம். நுரையீரல் இல்லை. தண்ணியிலை வேலை செய்யிற அதே பூவை, மீனின்ர செவுள் மாதிரி உறுப்பை, வைச்சுத்தான் வெளியிலயும் சமாளிக்குது.

ராசன் அண்ணை: எங்கட சேத்து நண்டும் அப்பிடித்தானே. ஈரச்சாக்கிலை ரெண்டு மூண்டு நாள் நிக்கும். வாளித் தண்ணிக்குள்ளை விட்டால் விடியமுதல் சரி.

கீர்த்தனா: தண்ணிக்குள்ளை விட்டால் சாகுமா? அது எப்பிடி?

தர்சன்: கணக்கைப் பாரும். 30 பாகை சூட்டிலை கடல்தண்ணி ஒரு லீற்றரிலை கரையிற ஒட்சிசன் 6 மில்லிகிராம் அளவுதான். 10 லீற்றர் வாளி எண்டால் மொத்தம் 60. அரைக்கிலோ நண்டு மூண்டு விட்டால் அது கெதியா முடியும். அசையாத தண்ணிக்கு மேலால வாறது காணாது. பேந்து அதுகள் விடுற காபனீரொட்சைட்டும் அமோனியாவும் அதே தண்ணிக்குள்ளதான்.

தர்சன்: காத்திலை ஒரு லீற்றருக்கு 210 மில்லிலீற்றர் ஒட்சிசன் கிடக்கு. தண்ணியிலை 5 கூட இல்லை. பூ ஈரமா இருந்தால் வாளியைவிடச் சாக்குத்தான் நல்லது.

வனிதா அக்கா: ஒழுங்கை முடக்கிலை ஆற்றையோ ஆடு நிக்குது, என்ர பூங்கண்டெல்லாம் தின்னுது

ராசன் அண்ணை: கட்டிவையுங்கோ அக்கா, வாறன்

சுகந்தி மிஸ்: வீடியோவுக்கு வருவம். வயித்துப்பக்கம் பின்னாலை அஞ்சு சோடி ஏட்டுப்பூ. அதுக்கு முன்னாலை மூடிபோல ஒரு தட்டு. ஒவ்வொரு பூவிலயும் 150 அளவிலை மெல்லிய ஏடு, கொப்பித்தாள் அடுக்கின மாதிரி. தண்ணிக்குள்ளை அந்தப் பூக்களை அடிச்சு அடிச்சுத் தண்ணியை ஏடுகளுக்கு நடுவாலை ஓட்டும். வெளியிலை வந்தால் என்ன நடக்கும்? மழையிலை நனைஞ்ச கொப்பியை யோசிச்சுப் பாரும்.

கீர்த்தனா: தாள் எல்லாம் ஒண்டோட ஒண்டு ஒட்டும்

சுகந்தி மிஸ்: அதேதான். ஏடுகள் ஒட்டினால் காத்துப் படுற பரப்புச் சுருங்கிப்போகும். சுத்திவர ஒட்சிசன் கொட்டிக் கிடந்தும் எடுக்க ஏலாது. காபனீரொட்சைட்டும் வெளியேறாமல் தேங்கி, குருதி அமிலப்பக்கம் போகும்.

தர்சன்: சேத்து நண்டுக்கு இந்த இடத்திலை ஒரு வசதி. அதின்ர பூ ஓட்டுக்குள்ளை மூடின அறையிலை. வாய்க்குப் பக்கத்திலை சின்னத் துடுப்பு மாதிரி ஒரு தகடு அந்த அறைக்குள்ளாலை ஓட்டத்தை இழுக்கும். வாயிலை நுரை தள்ளுறது உள்ளுக்கு மிச்சமிருக்கிற தண்ணியோட காத்துக் கலக்கிறதாலை.

கீர்த்தனா: அப்ப குதிரைலாட நண்டு எப்பிடித் தப்புது மிஸ்?

சுகந்தி மிஸ்: கூட எடுத்து இல்லை, குறைய செலவழிச்சு. ஒட்சிசன் நல்லாக் குறைஞ்சால் பூ அடிக்கிறதை நிப்பாட்டும், இதயத்துடிப்பும் இறங்கும். எங்களுக்கு மூச்சு முட்டினால் வேகமா மூச்சு வாங்குவம். அது மறுபக்கம். பூ அடிக்கிறதுக்கும் சக்தி வேணுமெல்லோ, கிடைக்காத இடத்திலை அடிச்சு என்ன பலன்?

சுகந்தி மிஸ்: மிச்சச் சக்தி காற்றின்றிய சுவாசத்தாலை. அதிலை சேருறது இலத்திரிக்கமிலம். அது கண்ணாடி விம்பம் போல ரெண்டு வகை: எங்கட தசையிலயும் நண்டிலயும் வாறது எல் வகை, இதிலை டி வகை. தண்ணிக்குத் திரும்பினதும் பூவைப் பலமா அடிச்சு அந்த ஒட்சிசன் கடனை அடைக்கும்.

தர்சன்: குருதியையும் சொல்லுங்கோ மிஸ், அதுதான் விசேசம்

சுகந்தி மிஸ்: ஓம். ஒட்சிசன் காவ எங்களுக்குப்போல இரும்பு இல்லை, செப்பு. ஈமோசயனின், குருதித் திரவத்திலை நேரா மிதக்குது. ரெண்டு செப்பு அணுவுக்கு ஒரு ஒட்சிசன் மூலக்கூறு. ஒட்சிசன் பிடிச்சால் நீலம், விட்டால் நிறமில்லை. கீர்த்தனா, எங்கட குருதியிலை இருக்கிற ஈமோகுளோபினுக்கு அமிலம் கூடினால் என்ன நடக்கும்?

கீர்த்தனா: ஒட்சிசனைக் கெதியா விடும். போர் எண்ட விஞ்ஞானியின்ர பேரிலை, போர் விளைவு

சுகந்தி மிஸ்: அமெரிக்கக் கரையிலை வாழுற இனத்திலை அது தலைகீழ். அமிலம் கூடினால் ஒட்சிசனை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். அதாலை ஒட்சிசன் குறைஞ்ச தண்ணியிலையிருந்தும் பூவாலை ஏத்த ஏலும். திசுவிலை விடுறது கஷ்டமாகாதோ எண்டு கேப்பீர். கொஞ்சம் கஷ்டம்தான். ஆனால் அங்கை ஒட்சிசன் அழுத்தம் அவ்வளவு கீழ கிடக்கேக்கை விடத்தான் செய்யும்.

ராசன் அண்ணை: ஆடு கட்டியாச்சு. வெளியிலை எவ்வளவு நாள் தாங்கும் மிஸ்?

சுகந்தி மிஸ்: குளிரும் ஈரமும் நிழலும் இருந்தால் நாலு நாள் அளவு. வெயிலிலை அந்தக் கணக்குச் சரிவராது. 10 பாகை ஏறினால் ஒட்சிசன் தேவை ரெண்டு மடங்களவு கூடும், பூவும் காயும். காய்ஞ்ச பூ பேந்து தண்ணி பட்டாலும் பழையபடி வராது. மல்லாந்தால் வாலை ஊண்டிப் பிரளப் பாக்கும். ஏலாட்டில் நடு மூட்டிலை மடிஞ்சு பூவை மூடும். வீடியோவிலை சுருண்டு கிடந்தது அதுக்குத்தான், செத்து இல்லை.

தர்சன்: பிரட்டேக்கை வாலிலை பிடிச்சுத் தூக்கக்கூடாது, அடிமூட்டு கழண்டு போகும். ரெண்டு கையாலயும் ஓட்டின்ர ரெண்டு கரையிலும் பிடிக்கோணும். மருந்துச் சோதனைக்கு இதின்ர குருதி எடுக்கிற இடங்களிலயும் ஒட்சிசன்தான் பிரச்சினை. குருதியோட ஈமோசயனினும் போகுது, திரும்ப நிரம்பக் கிழமைக்கணக்கு. அதுக்குமேலை லொறியிலை வெக்கையும் சேர்ந்தால் சாவு கூடும்.

வனிதா அக்கா: இதைக் கறி வைக்கலாமோ?

தர்சன்: வேண்டாம் அக்கா. சதுப்புக்காட்டுச் சேத்திலை வாழுற இனத்திலை பேத்தை மீனிலை இருக்கிற அதே நஞ்சு. தாய்லாந்திலை முட்டை திண்டு செத்திருக்கினம். சமைச்சாலும் போகாது.

கீர்த்தனா: முட்டை மணலுக்குள்ளதானே இடும்? அங்கயும் ஒட்சிசன் குறைவெல்லோ

சுகந்தி மிஸ்: குறைவுதான். அமெரிக்க இனத்திலை ஒரு குவியலிலை ஆயிரக்கணக்கிலை முட்டை. ஆழம் கூடினால் ஈரம் நிக்கும் ஆனால் ஒட்சிசன் காணாது, மேல எண்டால் காயும். நடுவிலை ஒரு இடம் பாத்துத்தான் இடவேணும்.

வனிதா அக்கா: நாளைக்கு மகளுக்கு நண்டு அனுப்பவேணும், கொழும்புக்கு. இப்ப வாளியிலதான் நிக்குது

ராசன் அண்ணை: இப்பவே வெளியிலை எடுங்கோ! கால் கட்டி, சாக்கை களப்புத் தண்ணியிலை நனைச்சுப் பிழிஞ்சு, வயிறு கீழ வாறமாதிரி அடுக்குங்கோ. கிணத்துத் தண்ணி வேண்டாம். ஐஸ் நேரா படக்கூடாது, காத்தாடியும் வேண்டாம், ஈரம் போயிடும். காலமை ஒருக்கால் கண்ணைத் தொட்டுப் பாருங்கோ. உள்ளுக்கு இழுத்தால் நல்லது. இழுக்காமல் கால் தொங்கினால் அதை அனுப்பாதையுங்கோ, பக்கத்திலை உள்ளதையும் பழுதாக்கும்.