மோஸ்ட் ஊர் தேவாலயத்தை முழுசாகவா நகர்த்தினார்கள்?

கல்தச்சன்:
செக் நாட்டில் மோஸ்ட் என்ற ஊரில் இருக்கும் மரியன்னை விண்ணேற்பு ஆலயத்தை 1975இல் தண்டவாளத்தில் வைத்து 841 மீட்டர் நகர்த்தியதாகப் படித்தேன். சென்னையில் ரோடு மேலே ஏறிவிட்டால் வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்கள், அது தெரியும். ஆனால் பத்தாயிரம் டன்னுக்கு மேல் கனமுள்ள கல் கட்டடத்தையா? பிரித்து அடுக்கினார்களா, அப்படியேவா? இப்போது நிற்பதில் எவ்வளவு பழசு?

சுண்ணாம்புக்காளவாய்:
அப்படியேதான். ஊருக்கு அடியில் பழுப்பு நிலக்கரி, அதைத் தோண்ட பழைய ஊரையே இடிப்பது என்று 1964இல் அரசு முடிவெடுத்துவிட்டது. பிரித்து வேறு இடத்தில் அடுக்கலாமா, அடியில் உள்ள கரியைத் தொடாமல் விட்டுவிடலாமா என்றெல்லாம் யோசித்துவிட்டுத்தான் நகர்த்தத் துணிந்தார்கள். அஸ்திவாரத்திலிருந்து அறுத்து, உள்ளேயும் வெளியேயும் இரும்புச் சட்டம் கட்டி, 53 ஹைட்ராலிக் வண்டிகள் மேல் உட்காரவைத்தார்கள். தரை ஏறி இறங்கினாலும் சுவர் விரிசல் விடாதபடி ஒவ்வொரு வண்டியும் தன் உயரத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும், உண்மையான வேலை அங்கேதான். நிமிடத்துக்கு 1 முதல் 3 சென்டிமீட்டர் வேகம். போய்ச் சேர நான்கு வாரம்.

பழையவீடு_பைத்தியம்:
"அப்படியே" என்பதில் ஒரு திருத்தம். மேற்குக் கோபுரம் கூட வரவில்லை, அதை முன்கூட்டியே இறக்கிவிட்டு புது இடத்தில் மறுபடி கட்டினார்கள். எனவே கோபுரத்தைப் பார்த்து 500 வருஷம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1515 தீவிபத்தில் முந்தைய கோவில் எரிந்தபின், 1517இல் யாக்கோப் ஹைல்மான் என்ற கட்டடக் கலைஞர் தொடங்கிய பிந்தைய கோதிக் பாணி (ஐரோப்பாவின் பழைய கூர்வளைவுக் கட்டடப் பாணி) மண்டபம் உள்ளே இருக்கிறது, அந்த விதானத்தின் வளைவுப் பின்னலைப் பிரித்து அடுக்கியிருந்தால் பாதி நயம் போயிருக்கும். என்னைக் கேட்டால் கோபுரத்தைக் கொடுத்து மண்டபத்தைக் காப்பாற்றியது நல்ல பேரம்.

தெருக்கோடி:
கட்டடம் தப்பித்தது சரி, அதைச் சுற்றியிருந்த சந்தை, தெரு, வீடு எல்லாம் போச்சே. ஒரு ஊரையே அழித்துவிட்டு ஒரு கோவிலைக் காப்பாற்றியதாகப் பெருமை பேசுவது எனக்கு உறுத்துகிறது.

சுண்ணாம்புக்காளவாய்:
உறுத்த வேண்டியதுதான். நிலக்கரி தோண்டிய அந்தக் குழியில் தண்ணீர் நிரப்பி ஏரியாக்கி 2020இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள், இப்போது அங்கே குளிக்கிறார்கள்.

கல்தச்சன்:
நன்றி. அந்த 53 வண்டிகளையும் சமமாக வைத்திருந்தது எப்படி என்று யாராவது விவரமாக எழுதினால் நல்லது.