புதுப்பிப்பு: மகளின் வயிற்றுவலிக்குக் காரணம் தெரிந்துவிட்டது

எட்டு வயது மகளுக்குத் தொப்புளுக்கு மேலே ஓயாத வலி, இரும்புச்சத்து மருந்து கொடுத்தும் தீராத ரத்தசோகை என்று முன்பு இங்கே எழுதியிருந்தேன். பள்ளிக்கு மட்டம் போட நடிக்கிறாள் என்று சிலர் சொன்னீர்கள். நடிப்பெல்லாம் இல்லை. எண்டோஸ்கோப்பியில் இரைப்பையின் கீழ்ப்பகுதி முழுக்க, ஜவ்வரிசியைப் பரப்பியதுபோல் சின்னச் சின்ன முண்டுகள் தெரிந்தன. அங்கிருந்து எடுத்த திசுவில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற இரைப்பைக் கிருமி இருந்தது.

ரத்தப் பரிசோதனையே போதுமே என்றவர்களுக்கு: கிருமி ஒழிந்த பிறகும் அதற்கான எதிர்ப்பொருள் ரத்தத்தில் நெடுநாள் தங்கும். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்றார் மருத்துவர்.

அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு இரண்டு ஆண்டிபயாட்டிக், 14 நாள். அதில் ஒன்றான மெட்ரோனிடசோல் வாயில் இரும்பை நக்கியதுபோன்ற சுவையை விட்டுப்போகிறது. ஒவ்வொரு வேளையும் போர்க்களம்தான். ஆனால் பாதியில் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடுமாம்.

இந்தக் கிருமி பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், வீட்டாரிடமிருந்தே தொற்றுகிறதாம். வற்றல் குழம்புதான் காரணம் என்ற என் மாமியாரின் தீர்ப்பு தள்ளுபடி.

ஆண்டிபயாட்டிக் முடிந்து குறைந்தது 4 வாரம், அமில மருந்தை நிறுத்தி 2 வாரம் கழிந்த பின்பே, கிருமி ஒழிந்ததா என்று பார்க்கும் மூச்சுப் பரிசோதனை செய்ய வேண்டும். இல்லாவிட்டால் இருக்கும் கிருமியும் இல்லாததுபோல் காட்டும். யூரியா கலந்த பானத்தைக் குடித்துப் பையில் ஊதினாள். கிருமி இல்லை!

தம்பிக்கும் பார்க்க வேண்டுமா என்று கேட்டவருக்கு: அவனுக்குத் தொந்தரவு ஏதும் இல்லாததால் இப்போது வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.