தார்ச்சாலை ராலி: பழைய ரியர் வீல் டிரைவ் வண்டிகளில் பின் சஸ்பென்ஷன், நம் அனுபவங்கள்

என்னுடையது ஃபோர்டு எஸ்கார்ட் மார்க் 2. லைவ் ஆக்சில் (இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே கெட்டியான அச்சு), லீஃப் ஸ்பிரிங் (வளைந்த எஃகுப் பட்டை). தார் ரோட்டுக்கு என்றதும் ஸ்பிரிங்கை இறுக்கு, பின்னால் தடிமனான ஆன்டி ரோல் பார் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) போடு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆக்சில் தன் இடத்தில் நிற்கிறதா என்று பார்க்காமல் ஸ்பிரிங்கில் கை வைப்பது வீண் வேலை.

வளைவிலிருந்து வெளியே வரும்போது முழு ஆக்சிலரேட்டர் கொடுங்கள். பட்டை எஸ் போல முறுக்கிக்கொண்டு விடுபடும், மறுபடி முறுக்கும். பின் சக்கரங்கள் தடதடவென்று குதிக்கும். ஆன்டி டிராம்ப் பார் (ஆக்சிலை வண்டியின் உடலோடு இணைத்து, அது முறுக்கிக்கொள்ளாமல் பிடிக்கும் கம்பி) இதை நிறுத்தும்தான். ஆனால் அதன் முன்முனை சுழலும் இடம் (பிவட்), ஸ்பிரிங்கின் முன்முனையை வண்டியில் மாட்டும் வளையத்தோடு (கண்) ஒத்துப்போகாவிட்டால், வண்டி சாயும்போது இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அப்போது அந்த பாரே ஆன்டி ரோல் பார் மாதிரி வேலை செய்யும். உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும், வால் சட்டென்று விலகும்.

என் வண்டியில் அப்படித்தான் இருந்தது. ஷாக் அப்சார்பரைக் கழற்றிவிட்டு ஆக்சிலின் ஒரு முனையை மட்டும் ஜாக்கியில் ஏற்றினேன். பாதி தூரம் வழுக்கிக்கொண்டு போனது, அப்புறம் பிடித்துக்கொண்டது. பாரின் மூட்டில் இருக்கும் ரப்பர் உறையான புஷ்ஷின் ஒரு ஓரம் நசுங்கி, ரப்பர் வெளியே பிதுங்கியிருந்தது. பாரின் பிராக்கெட் இடத்தை மாற்றிய பிறகு, ஸ்பிரிங்கைத் தொடாமலேயே வண்டி வேறு வண்டியாகிவிட்டது. லைவ் ஆக்சில் பழசு என்று ஒதுக்காதீர்கள். 1981-ல் ஆரி வாட்டனன் உலக ராலி சாம்பியன் ஆனது எஸ்கார்ட் ஆர்எஸ்1800-ல்தான்.

*

அண்ணா, ஜாக்கி விஷயம் ரொம்ப சரி. நான் ஃபோர் லிங்க் (ஆக்சிலை முன்பின் நகராம பிடிக்கிற நாலு கம்பி), காயில் ஸ்பிரிங், பனார்ட் ராட் (ஆக்சிலைப் பக்கவாட்டுல பிடிக்கிற குறுக்குக் கம்பி) வச்சிருக்கேன். இடது வளைவுல ஒரு மாதிரி, வலது வளைவுல வேற மாதிரி போச்சு. வண்டியோட உயரத்தை இறக்கினதுல ராட் சாய்ஞ்சு நின்னுச்சு. சக்கரம் ஏறி இறங்கும்போது ஆக்சில் பக்கவாட்டுலயும் நகருது; ஒரு பக்க ஃபெண்டருக்குள்ள மட்டும் டயர் உரசின தடம் பளபளன்னு இருந்துச்சு. ஓட்டுற உயரத்துல ராட் படுக்கையா நிக்கிற மாதிரி மாத்தினதும் வித்தியாசம் பெருமளவு குறைஞ்சுது. இடம் இருந்தா வாட்ஸ் லிங்க்தான் (நடுவுல சுழலுற துண்டோட சேர்ந்த ரெண்டு கம்பி) நல்லது, ஆக்சில் கிட்டத்தட்ட நேராவே ஏறி இறங்கும்.

*

தம்பி, ஃபோர் லிங்க்கில் கீழ் லிங்க்கின் சாய்வையும் பாருங்கள். வண்டியை இறக்கும்போது லிங்க்கின் முன்முனை ஆக்சில் முனையைவிடத் தாழ்ந்துவிடும். அந்த நிலையில் வண்டி சாய்ந்தால் வெளிச்சக்கரம் கொஞ்சம் முன்னே வரும், பின்பக்கம் வளைவை நோக்கியே திரும்பும், மூக்கு வெளியே தள்ளும். அதைப் பார்த்துவிட்டு முன் ஆன்டி ரோல் பாரைக் குற்றம் சொல்பவர்கள் நிறைய.

நான் ஓட்டுவது பிஎம்டபிள்யூ 2002. செமி டிரெய்லிங் ஆர்ம் (ஒவ்வொரு பின் சக்கரத்தையும் தனித்தனியே தாங்கும் சாய்வான கை), அதனால் பிரச்சினையே வேறு. சக்கரம் மேலே ஏறும்போது கேம்பரும் (சக்கரம் உள்ளே வெளியே சாயும் அளவு) டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் திரும்பியிருக்கும் அளவு) சேர்ந்தே மாறும். வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் இலேசாகி வெளியே ஓடப் பார்க்கும். ரொம்ப இறக்காமல் விட்டேன், ஆர்ம் புஷ்களைக் கெட்டியானதாக மாற்றினேன், நின்ற நிலையில் கொஞ்சம் டோ இன் (சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கி இருப்பது) வைத்தேன். பின் ஆன்டி ரோல் பார் மெல்லியதுதான். இதே வகை பின் சஸ்பென்ஷன் உள்ள பிஎம்டபிள்யூ எம்3-ல்தான் 1987-ல் பெர்னார் பெகின் டூர் டி கோர்ஸ் (கோர்சிகா தீவின் தார்ச்சாலை ராலி) ஜெயித்தார்.

*

டோ அளக்கும்போது பெட்ரோலும் ஸ்பேர் வீலும் வண்டியில் இருக்கட்டும், இரண்டு சீட்டிலும் ஆள் எடைக்கு மூட்டை வையுங்கள். காலி வண்டியில் எடுத்த அளவு ஸ்டேஜில் (ராலியில் நேரம் பார்த்து ஓட்டும் சாலைப் பகுதி) அப்படியே நிற்காது.