70,000க்குள் லேப்டாப்: பார்க்க நன்றாக இருக்க வேண்டும், கீலும் உடையக்கூடாது

சிவகாசி_டிசைனர்:

எல்லோருக்கும் வணக்கம். நான் சிவகாசியில் காலண்டர், டைரி டிசைன் செய்கிறேன். ஆடிப்பெருக்கு அன்று புது ஆல்பம் வெளிவரும், அதை ஒட்டி மூன்று நான்கு மாதம் என் லேப்டாப் மேஜையில் இருப்பதைவிட பைக்கிலும் பஸ்ஸிலும் என் தோளில் தொங்குவதுதான் அதிகம். ஊர் ஊராகப் போய்க் கடைக்காரர்களிடம் டிசைனைத் திறந்து காட்ட வேண்டும்.

இப்போது இருப்பது நாலு வருடத்து மெஷின். இடது பக்கக் கீல் பிய்ந்துவிட்டது. டேப் சுற்றி ஓட்டுகிறேன். போன வாரம் ஒரு நகைக்கடை முதலாளி, "என்ன தம்பி, கம்ப்யூட்டருக்கு மாவுக்கட்டா?" என்று கேட்டு நாலு பேர் முன்னால் சிரித்தார். அதனால் வெட்கப்படாமல் சொல்கிறேன், அழகும் எனக்கு முக்கியம். பார்க்கக் கௌரவமாக இருக்க வேண்டும், நாலைந்து வருடம் உடையாமல் வர வேண்டும், 70,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. வேலை கோரல்டிராவும் ஃபோட்டோஷாப்பும். கேம் கிடையாது. கடையில் ஒரு பளபள மெல்லிய மாடலைக் காட்டி, ரைசன் 5 7520யு ப்ராசஸர், 7000 சீரிஸ், புத்தம் புதுசு, 48,000தான் என்கிறார்கள். எடுத்துவிடலாமா?

கோவைக்காரி:

பட்ஜெட்டை இன்னும் கொஞ்சம் இழுக்க முடிந்தால் மேக்புக் ஏர் பாருங்கள். 2020இல் வந்த எம்1 ஏர் வாங்கினேன், இன்றுவரை ஒரு தொந்தரவும் இல்லை. உள்ளே விசிறியே கிடையாது, அதனால் சத்தமும் இல்லை, தூசியை உள்ளே இழுப்பதும் இல்லை. உடம்பு முழுக்க அலுமினியம், கீழே விழுந்தால் நெளியுமே தவிரப் பிளாஸ்டிக் மாதிரி விரியாது. என்னுடையதில் ஒரு மூலை நெளிந்துதான் இருக்கிறது.

ஒரே எச்சரிக்கை: மூடும்போது கீபோர்டு மேல் பேனாவோ கேமராவுக்கு ஒட்டும் மூடியோ இருந்தால் திரை போய்விடும். கேமரா மூடியோடு மூடாதீர்கள் என்று ஆப்பிளே எழுதி வைத்திருக்கிறது. திரை மாற்றும் செலவைக் கேட்டால் அழுகை வரும். ரேமும் ஸ்டோரேஜும் போர்டிலேயே ஒட்டியிருக்கும், பிறகு கூட்ட முடியாது. அதனால் வாங்கும்போதே 16 ஜிபி பாருங்கள், 2025இல் வந்த எம்4 ஏரில் ஆரம்பமே 16தான். இந்தியாவில் அறிவித்த விலை 99,900. கார்டு தள்ளுபடி, பண்டிகைத் தள்ளுபடி என்று காத்திருந்தால் கொஞ்சம் இறங்கும்.

பழுதுப்பட்டறை:

தம்பி, அந்த 48,000 மெஷினை எடுக்காதே. 7520யு என்ற எண்ணில் முதல் 7 சும்மா வருடக் கணக்கு. மூன்றாவது இலக்கத்தைப் பார், 2. அது ஜென் 2, அதாவது ஏஎம்டி கம்பெனி 2019இல் கொண்டுவந்த சிப் வடிவமைப்பு. நாலே கோர். அந்தச் சிப்போடு வரும் ரேம் எப்போதும் போர்டில் ஒட்டியதுதான், 8 ஜிபியோடு வாங்கினால் கடைசிவரை 8தான். அதே 7000 வரிசையில் 7530யு என்றால் ஜென் 3, ஆறு கோர். எண்ணில் ஒரு இலக்கம்தான் வித்தியாசம், கடைக்காரருக்கே பாதி நேரம் தெரியாது.

இப்போது கீல் விஷயம். மதுரையில் 14 வருடமாக லேப்டாப் சர்வீஸ் பார்க்கிறேன், கீல் போன மெஷின் வராத வாரம் கிடையாது. கீல் இரும்பு, அது சாமானியமாக உடையாது. உடைவது அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக். உள்ளே குட்டிக் குட்டியாகப் பிளாஸ்டிக் குமிழ் இருக்கும், அதற்குள் பித்தளை நட்டைப் புதைத்திருப்பார்கள், கீலின் ஸ்க்ரூ அதில்தான் இறங்கும். நாளாக ஆகத் தூசி ஏறிக் கீல் இறுகும், நீ திறக்கிற பலம் எல்லாம் அந்தக் குமிழில் போய் விழும், ஒருநாள் நட்டு அப்படியே பெயர்ந்து வரும். முதலில் ஒரு 'டிக்' சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்திலேயே கடைக்குக் கொண்டுவந்தால் கீலை இளக்கிச் சரி செய்யலாம். முக்கால்வாசிப் பேர் திரையோரம் பிளந்த பிறகுதான் வருவார்கள், நீ டேப் சுற்றிக்கொண்டு திரிகிற மாதிரி. மூலையைப் பிடித்துத் திறக்கிற பழக்கம் இருந்தால் இன்னும் சீக்கிரம் போகும். நடுவில் பிடித்துத் திற.

கடையில் டெமோ பீஸில் இதைச் செய்து பார். ஒரே விரலால் நடுவில் திற, அடிப்பாகம் கூடவே தூக்கிக்கொண்டு வருகிறதா என்று கவனி. வந்தால் கீல் ரொம்ப இறுக்கம். அப்புறம் மூடியின் இரண்டு மூலையையும் பிடித்து லேசாக முறுக்கு. அட்டை மாதிரி வளைந்தால் வேண்டாம். கீபோர்டின் நடுவில் அழுத்து, அமுங்கக்கூடாது. 'மெட்டல் பாடி' என்று அட்டையில் போட்டிருந்தால் எந்த இடம் மெட்டல் என்று கேள். பல மாடலில் மூடி மட்டும் அலுமினியம், கீல் உட்காருகிற இடம் பிளாஸ்டிக்தான்.

அழகைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெள்ளிப் பெயின்ட் அடித்த பிளாஸ்டிக் கடை வெளிச்சத்தில் ஜொலிக்கும். நம் ஊர் வியர்வைக்கு உள்ளங்கை படும் இடம் ஒன்றரை வருடத்தில் தேய்ந்து கறுக்கும். மங்கலான சாம்பல் நிறம் எடு, கீறலும் தெரியாது.

கறுப்புப்பெட்டி:

புதுசே எதற்கு? 2018இல் வந்த லெனோவோ திங்க்பேட் டி480 ஒன்றைச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் 21,500க்கு எடுத்தேன். ரேமுக்கு இரண்டு ஸ்லாட், பேட்டரி இரண்டு, அதில் ஒன்றை வெளியிலிருந்தே கழற்றி மாற்றலாம். கீபோர்டில் தண்ணீர் கொட்டினால் வடிய ஓட்டையே விட்டிருக்கிறார்கள். 1992இல் ஐபிஎம் காலத்தில் வந்த அதே கறுப்புப் பெட்டித் தோற்றம், நடுவில் சிவப்புப் பொட்டு. எனக்கு அதுதான் அழகு, உங்கள் நகைக்கடை முதலாளிக்கு எப்படியோ.

பழசு எடுத்தால் மூன்று விஷயம் பாருங்கள். 8ஆம் தலைமுறை இன்டெல் ப்ராசஸரா என்று கேளுங்கள், டி480இலேயே 7ஆம் தலைமுறையும் உண்டு, அதில் விண்டோஸ் 11 முறையாக ஏறாது, 10க்கு 2025 அக்டோபரோடு ஆதரவு முடிந்துவிட்டது. கம்பெனியிலிருந்து வந்த மெஷின் என்பதால் பயாஸ் (விண்டோஸ் வருவதற்கு முன்னாலேயே ஓடும் அடிப்படை மென்பொருள்) பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருக்கிறதா என்று அங்கேயே திறந்து பாருங்கள். பேட்டரிக்கு விண்டோஸிலேயே அறிக்கை எடுக்கலாம், டிசைன் கெப்பாசிட்டி என்று ஒன்று, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்று ஒன்று வரும், இரண்டாவது பாதியாக இருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

சிவகாசி_டிசைனர்:

அண்ணாச்சி, அந்த மூன்றாவது இலக்கக் கணக்குக்கு ரொம்ப நன்றி, 48,000 தப்பித்தது. மேக் எனக்குச் சரிப்படாது. பழைய காலண்டர் ஃபைல் எல்லாம் யூனிகோடு இல்லாத எழுத்துருவில் இருக்கிறது, அதற்கு நான் வைத்திருக்கும் கீபோர்டு மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். திங்க்பேட் ஆசையாக இருக்கிறது, ஆனால் பழசில் கலர் எப்படி? முருகன் படத்தில் மயில் நீலம் திரையில் ஒன்றாகவும் அச்சில் ஒன்றாகவும் வந்தால் என் தலைதான் உருளும். 'மிலிட்டரி கிரேடு' என்று போட்டிருக்கிறார்களே, அதை நம்பலாமா?

பழுதுப்பட்டறை:

டி480 மாதிரிப் பழைய ஆபீஸ் மெஷினில் திரை பெரும்பாலும் மங்கலாகத்தான் இருக்கும், உன் வேலைக்கு வேண்டாம். புதுசிலும் விவரப் பட்டியலில் '45% என்டிஎஸ்சி, 250 நிட்ஸ்' என்று இருந்தால் தாண்டிப் போ. முதலாவது திரை எவ்வளவு நிறம் காட்டும் என்ற அளவு, நிட்ஸ் என்பது வெளிச்ச அளவு. அந்தத் திரையில் சிவப்பு செங்கல் மாதிரி தெரியும். '100% எஸ்ஆர்ஜிபி' என்று எழுதியிருக்க வேண்டும், இதுவும் நிற அளவுதான், குறைந்தது 300 நிட்ஸ். அச்சு மை வேறு கணக்கு, அதற்கு ப்ரூஃப், அதாவது மாதிரி அச்சு, எடுத்துத்தான் ஆக வேண்டும், ஆனால் திரையாவது பொய் சொல்லாமல் இருக்கும்.

மிலிட்டரி கிரேடு என்பது அமெரிக்க ராணுவத்தின் எம்ஐஎல் எஸ்டிடி 810 என்ற சோதனை முறை. ராணுவம் யாருக்கும் முத்திரை குத்திக் கொடுப்பதில்லை. கம்பெனியே எந்தெந்தச் சோதனை என்று தேர்ந்தெடுத்துச் செய்துவிட்டுப் போட்டுக்கொள்ளும். ஒன்றும் இல்லாததற்கு இருப்பது நல்லது, அவ்வளவுதான். கீழே போட்டு உடைத்தால் வாரன்டி வராது. நீ பைக்கில் போகிறவன், தனியாகக் காசு கட்டி ஆக்சிடென்டல் டேமேஜ் திட்டம் எடுத்துவிடு. கூடவே ஆபீஸ்களுக்கு விற்கிற பிசினஸ் வரிசையில் தேடு. பார்க்க அடக்கமாக இருக்கும், பின்மூடி சாதா ஸ்க்ரூவில் கழலும், ரேம் ஸ்லாட் இருக்கும், ஆனால் மாடலுக்கு மாடல் மாறும், கேட்டு உறுதி செய்துகொள்.

கோவைக்காரி:

பில்லில் 18% ஜிஎஸ்டி இருக்கும். உங்கள் தொழிலுக்கு ஜிஎஸ்டி எண் இருந்தால் அதைப் பில்லில் போடச் சொல்லுங்கள், உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

சிவகாசி_டிசைனர்:

வாங்கிவிட்டேன்! பிசினஸ் வரிசை, 14 அங்குலம், சாம்பல் நிறம், 100% எஸ்ஆர்ஜிபி. 16 ஜிபி, இன்னொரு ஸ்லாட் காலி. டேமேஜ் திட்டத்தோடு 69,400 ஆயிற்று. ஜிஎஸ்டி எண்ணும் பில்லில் ஏற்றியாகிவிட்டது. கடையில் மூலையைப் பிடித்து முறுக்கியபோது அந்தப் பையன் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும், "சார் சார், அது டெமோ பீஸ்" என்று ஓடி வந்தான். முதலில் பார்த்த பளபள மாடலையும் ஆசைக்கு முறுக்கினேன், அப்பளம் மாதிரி வளைந்தது.

உள்ளங்கை வைக்கிற இடத்தில் நாலைந்து ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது, பார்க்கத் திருவிழாக் கடை மாதிரி இருக்கிறது. உரித்தால் வாரன்டி போகுமா அண்ணாச்சி?

பழுதுப்பட்டறை:

போகாது, உரி. விட்டால் வெயிலுக்குப் பசை இளகிக் கையில் ஒட்டும். அடியில் சீரியல் எண் ஸ்டிக்கர் இருக்கும், அதை மட்டும் தொடாதே, இப்போதே ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்.