ஆர்ஜிஎஸ்4 பேண்ட் நிக்கவே மாட்டேங்குது, யாராச்சும் உதவி பண்ணுங்க

அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கம், செல் சிக்னலிங்ல வேலை பாத்தவங்க யாராச்சும் இருந்தா கொஞ்சம் பதில் சொல்லுங்க. ரிசெப்டர் தூண்டிவிட்ட ஜி-புரோட்டீன் (செல்லுக்குள்ள சிக்னல் கடத்துற புரோட்டீன்) தானா ஆஃப் ஆக ரொம்ப நேரம் எடுக்கும், அத சட்டுன்னு அணைக்கிற குடும்பம்தான் ஆர்ஜிஎஸ், மனுஷ உடம்புல 20 வகைக்கு மேல இருக்கு, நான் அதுல ஆர்ஜிஎஸ்4-ஐ ஹெச்இகே செல்லுல (லேப்ல வளக்கிற மனுஷ செல்) போட்டு கால்சியம் அளக்கணும்.

மூணு வாரமா வெஸ்டர்ன் ப்ளாட் (புரோட்டீன்கள எடைப்படி பிரிச்சு, ஆன்டிபாடி வச்சு பேண்டா பாக்குற டெஸ்ட்) போடுறேன், ஒப்பிட்டுப் பாக்குற ஆக்டின் பேண்ட் கருகருன்னு இருக்கு, அதுக்குக் கீழ ஆர்ஜிஎஸ்4 வரவேண்டிய 23 கிலோடால்டன் பக்கம் வெறும் வெள்ளைதான், ஆன்டிபாடிய கூட மாத்திப் பாத்துட்டேன். வியாழக்கிழமை எம்ஜி132ங்கிற மருந்த போட்டு புரோட்டியசோமை (செல்லுல புரோட்டீன்கள அழிக்கிற இயந்திரம்) நிறுத்தினதும் பேண்ட் பளிச்சுன்னு வந்துருச்சு, பாத்ததும் அவ்ளோ சந்தோஷம். ஆக செல்லேதான் அழிக்குது. முதல் மெத்தியோனின் வெட்டுப்பட்டதும் 2-ஆவது இடத்துல இருக்கிற சிஸ்டீன் வெளிய வந்து ஆக்சிடைஸ் ஆகுது, அதுமேல ஒரு ஆர்ஜினின் ஒட்டுது, அப்புறம் 'இத அழி'ன்னு அடையாளம் வைக்கிற யுபிக்விட்டின், கதை முடிஞ்சுது.

எம்ஜி132-ஐ வச்சுக்கிட்டே கால்சியம் அளக்க எனக்கு மனசு வரல, அது மத்த புரோட்டீன்களையும் சேத்துத்தான குவிக்கும்? சிஸ்டீன செரினா மாத்தினா புரோட்டீன் நிலைக்கும், ஆனா பால்மிட்டேட் (மெம்ப்ரேன்ல ஒட்ட உதவுற கொழுப்பு) ஒட்டுற இடங்கள்ல அதுவும் ஒண்ணு, மெம்ப்ரேன்கிட்ட போறதே கெட்டுப்போயிடுமோன்னு பயமா இருக்கு. இந்த மியூட்டன்ட் யூஸ் பண்ணவங்க இருக்கீங்களா? இல்ல புரோட்டீனோட முன்பக்கம் டேக் (கூட சேக்குற சின்ன அடையாளத் துண்டு) போட்டே சமாளிச்சீங்களா? திங்கக்கிழமை இந்த மாற்றத்துக்கான பிரைமர் (சின்ன டிஎன்ஏ துண்டு) ஆர்டர் போடணும், அதுக்குள்ள சொன்னா பெரிய உதவியா இருக்கும்.